அரைக்குரல்

"சிக்னோரா, கொஞ்சம் நிறுத்துங்க."

இசைக்குழு நடத்துநர் குவாரெங்கி கையிலிருந்த குச்சியைத் தாழ்த்தினார். வயலின்கள் பாதியில் அறுந்தன. கடைசி வரிசையில் ஒரு கொம்பு வாத்தியம் மட்டும் கவனிக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஊதிவிட்டு, வெட்கப்பட்டு நின்றது.

"இன்னிக்கு வெறும் ஒத்திகை. நாடகம் நாளன்னிக்கு. இப்பவே முழுக் குரலையும் கொட்டிட்டீங்கன்னா அன்னிக்கு எதை வச்சுப் பாடுவீங்க?"

ஒர்சோலா ஃபெர்ராகுத்தி சிரித்தாள். பழகியவர்களைச் சீண்டுவது குவாரெங்கியின் வழக்கம். இத்தாலியின் போ நதிக்கரையில் உள்ள எல்லா அரங்குகளிலும் அவர் வாய்க்குப் பயப்படாத பாடகி கிடையாது. ஆனால் இப்போது அவர் முகத்தில் சீண்டல் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஈரமான கண்களைக் கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அவள் உதட்டிலேயே நின்றுபோனது.

ஏனென்றால் அவள் முழுக்குரலில் பாடவே இல்லை. முனகிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒப்பெரா இசைநாடகம் பாடுகிற எல்லாரும் செய்வதுதான் அது. ஒத்திகையில் அரைக்குரல். வார்த்தைகளை உதட்டோரத்தில் உச்சரிப்பது, உச்ச ஸ்வரம் வரும் இடத்தில் ஒரு படி கீழே இறங்கிக் கோடு காட்டிவிட்டு நகர்வது. குரலும் சதைதானே, தேய்ந்தால் தேய்ந்ததுதான். மற்றவர்கள் ஒத்திகையில் மட்டும் மிச்சம் பிடித்தார்கள். ஒர்சோலா எல்லா நேரமும் மிச்சம் பிடித்தாள். கடைக்காரனிடம் விரலைக் காட்டி சாமான் வாங்கினாள். சத்தமில்லாமல் சிரிக்கப் பழகினாள். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்து உள்ளேயே விழுங்கினாள். இரண்டு குளிர்காலமாக இதே பிழைப்பு.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்புதான் நேப்பிள்ஸ் நடந்தது. நிறைந்த அரங்கம், கடைசிக் காட்சி, உச்ச ஸ்வரம். அது மேலே போகிற வழியில், பானை விரிசல் விடுவதுபோல, உடைந்தது. அந்தச் சத்தத்தைவிட அதற்குப் பிறகு மேல் மாடத்திலிருந்து வந்த கேலி விசில்தான் அவள் காதில் இன்னும் இருந்தது. மிலான் கை விரித்தது. அப்புறம் ரோம். இப்போது இந்தப் போர்கோசெக்கோ மாதிரி மூடுபனியும் பன்றியிறைச்சியும் தவிர வேறு எதற்கும் பேர்போகாத ஊர்கள்தான் மிச்சம்.

ஆனால் நாளன்னிக்கு மிலானின் பெரிய அரங்கத்திலிருந்து ஓர் ஆள் வருகிறான். கேட்டுவிட்டுப் போய் ஒரு வார்த்தை சொல்வான். நல்ல வார்த்தை என்றால் அவள் மறுபடி பாடகி. இல்லையென்றால் நாற்பத்திரண்டு வயதில் கடைக்காரர்களின் பெண்களுக்கு ஸரளி சொல்லிக்கொடுத்துச் சாக வேண்டியதுதான்.

"மிலான்காரன் இன்னும் வரல, ஒர்சோலா" என்றான் எர்மெஸ், அவளோடு நாயகன் வேடம் கட்டும் தடித்த பாடகன். "இங்க இருக்கறது நான் ஒருத்தன்தான். எனக்காகவா இவ்வளவு? சொல்லியிருந்தா சவரமாவது பண்ணிட்டு வந்திருப்பேன்."

"நான் முனகிட்டுத்தானே இருந்தேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வயலின்காரர்கள் வில்லால் இசைத்தாள் தாங்கியைத் தட்டினார்கள். அது அவர்கள் கைதட்டும் விதம்.

முன் வரிசையில், மடியில் கம்பளிச் சால்வையோடு உட்கார்ந்திருந்த ஆர்ஜியா மட்டும் சிரிக்கவில்லை. உடை மாட்டிவிடுவதும் ஒப்பனை கலைப்பதும் சமைப்பதும் திட்டுவதும் ஆர்ஜியாதான். ஒர்சோலாவின் முதல் மேடையிலிருந்தே கூட இருப்பவள். அவள் ஒர்சோலாவின் வாயைப் பார்க்கவில்லை. வாய்க்கு முன்னால், ஒரு கை தூரத்தில், காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் காலை மூடுபனி ஜன்னலில் ஈரத்துணிபோல ஒட்டிக்கொண்டு நின்றது. அவர்கள் தங்கியிருந்தது ஒரு பன்றியிறைச்சிக் கடையின் மாடியில். உப்பும் மிளகும் தொங்கும் கொழுப்பின் இனிப்பு நெடியும் படிக்கட்டு வழியே ஏறி, தலையணை வரை வந்திருந்தன. கடைக்காரி செசீரா ஒரு கிண்ணத்தில் சூடான சூப்பை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அவள் தானாக எதுவும் கொடுத்து ஒர்சோலா பார்த்ததில்லை.

"குடிங்க, சிக்னோரா. நேத்து சாயங்காலம் அவ்வளவு நேரம் பாடினீங்களே, தொண்டை என்னத்துக்கு ஆகும்."

ஒர்சோலா கரண்டியைக் கையில் எடுத்தாள். வைத்தாள்.

"கடைக்கு வந்தவங்க ஒருத்தரும் நகரல" என்றாள் செசீரா. "எங்க வீட்டு மனுஷன் கத்தியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாரு. என் கல்யாணத்தன்னிக்குக்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்ல."

அவள் போன பிறகு ஒர்சோலா ஆர்ஜியாவிடம் திரும்பினாள். வழக்கமான கிசுகிசுப்பில் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் நான் என்ன பண்ணினேன்?"

"தூங்கின." ஆர்ஜியா சால்வையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "நான் பால் வாங்கப் போயிட்டு வந்தேன். தெருமுனையிலயே கேட்டுது. முழிச்சிட்டபோலன்னு நெனச்சேன். கதவைத் தொறந்தா நீ தூங்கிட்டு இருக்க. வாய் மூடியிருக்கு."

"அப்புறம்?"

"அப்புறமும் கேட்டுது, பொண்ணே."

கீழே கடையில் எலும்பு வெட்டும் சத்தம். நின்றது. மறுபடி ஆரம்பித்தது. சூப்பின் மேல் ஆடை படிவதை ஒர்சோலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எந்த இடத்துலேர்ந்து?"

ஆர்ஜியா கட்டிலின் கால்மாட்டைக் கண்ணால் காட்டினாள்.

*

அன்று பிற்பகல் முழு உடை ஒத்திகை. விதவை ராணியின் கறுப்புப் பட்டு அவள் தோளில் பாறையாகக் கனத்தது. மேடையில் கொதிக்கவைத்த பசையும் ஈர மரப்பலகையும் கரி அடுப்பும் மணந்தன. மாடங்களின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணிகளுக்குக் கீழே, நாற்காலிகள் முழங்கால் மடக்கி உட்கார்ந்த ஆட்கள்போலத் தெரிந்தன. எங்கோ ஒரு கதவு சரியாகச் சாத்தாமல், பனி உள்ளே வந்து விளக்குகளைச் சுற்றிப் புகையாக நின்றது.

ராணியின் பாட்டுக்கு முன் வரும் இசை தொடங்கியது. ஒர்சோலா முடிவு செய்திருந்தாள். இன்று முனகக்கூடப் போவதில்லை. உதட்டை மட்டும் அசைப்பாள். சத்தம் வராவிட்டால் குவாரெங்கி திட்டுவார், எர்மெஸ் கிண்டல் அடிப்பான், நேற்று நடந்தது ஏதோ எதிரொலி என்று ஆகிவிடும். இதற்கு முன் அவள் திட்டு வாங்குவதற்கு இவ்வளவு ஆசைப்பட்டதே இல்லை.

உதட்டைத் திறந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

குரல் வந்தது.

அவளுக்கு முன்னால் இருந்து வந்தது. ஒரு கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், சரியாக அவள் வாயின் உயரத்தில். அது அவளுடைய குரல்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இருபத்தைந்து வயதுக் குரல். நேப்பிள்ஸ் நடக்காத குரல். தேன் கரண்டியிலிருந்து இறங்குவதுபோல ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இறங்கியது, அவசரமே இல்லாமல் மறுபடி ஏறியது, அவளை உடைத்துப்போட்ட அந்த உச்சிக்குப் போய், அங்கே வீட்டுக்காரிபோல உட்கார்ந்தது.

அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தொண்டைக்குள் ஏதோ மெல்ல அதிர்ந்தது, வண்டி போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்வதுபோல.

பாட்டு முடிந்தபோது வாத்தியக்காரர்கள் யாரும் வில்லைத் தட்டவில்லை. குவாரெங்கி குச்சியைக் கீழே வைத்துவிட்டு மேடைக்கு ஏறி வந்தார். அவள் கையை எடுத்து முத்தமிட்டார்.

"எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இத்தனை நாளா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். இது நான் இல்லை, மயெஸ்த்ரோ. எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு வேற யாரையாவது வரச்சொல்லுங்க. வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்தன. அதற்குப் பின்னால், அதைவிட வேகமாக, மிலான்காரன் வந்தான். மிலானின் சிவப்புத் திரை வந்தது. விசில் இல்லாத ஓர் இரவு வந்தது.

"மிச்சம் பிடிச்சு வச்சிருந்தேன்" என்றாள் ஒர்சோலா.

அவளுக்கு முன்னால், காலியாக இருந்த இடத்தில், யாரோ சத்தமில்லாமல் சிரித்ததுபோலக் காற்று லேசாக அசைந்தது.

*

நாடகத்தன்று காலை ஆர்ஜியா அவளைத் தொண்டை வைத்தியர் ஸ்பஜ்ஜாரியிடம் இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "வா."

ஸ்பஜ்ஜாரி மெல்லிய கைகள் உள்ள மனிதர். நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, ஒரு துணியால் அவள் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்து, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை அண்ணாக்கில் வைத்தார். ஸ்பிரிட் விளக்கின் நெடி. உலோகத்தின் சில்லிப்பு. அவர் மூச்சில் காப்பி.

"சும்மா மூச்சு விடுங்க. பாடவேணாம்."

அறையில் குரல் எழுந்தது. மெதுவாக, ஒரே ஸ்வரம், கதவுப் பக்கத்திலிருந்து.

"பாடவேணாம்னு சொன்னேனே, சிக்னோரா."

நாக்கு அவர் கையில் இருந்தது. அவள் தலையை மட்டும் இடமும் வலமும் அசைத்தாள். ஸ்பஜ்ஜாரி கதவைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். துணியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, விரலால் தடவினார்.

"இதை விளக்குல காட்ட மறந்துட்டேன்" என்றார், தனக்குத்தானே. "சூடு பண்ணாம வச்சா உடனே ஆவி படியும். யார் தொண்டையா இருந்தாலும் படியும். அந்தச் சத்தம் ஆரம்பிச்சதுலேர்ந்து இதுல ஆவியே படியல."

"அப்படின்னா?" ஆர்ஜியாதான் கேட்டாள்.

"உள்ள குரல் தந்திங்க அதிருது. ஆனா இவங்க மூச்சால இல்ல. ஒருத்தர் வயலினை எடுத்து இன்னொருத்தர் வாசிக்கற மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருத்தப்பட்டவர்போல வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் படிச்சவன்மா. இப்படிப் பேசக்கூடாது."

"இன்னிக்குப் பாடலாமா?" என்றாள் ஒர்சோலா.

"பாடாம இருக்கறதும் உங்க கையில இருக்குன்னு எனக்குத் தோணல."

அவர் கைகளைக் கழுவினார். துடைத்தார். அவர்கள் எழுந்தபோது மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

வெளியே மூடுபனியில் தெரு இல்லை. சைக்கிள் மணி மட்டும் எங்கிருந்தோ வந்து எங்கோ போனது. ஆர்ஜியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரயிலுக்குப் போயிடலாம் பொண்ணே. தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம்."

"போயி?"

"உசிரோட இருக்கலாம்."

"இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா நான் இருந்ததுக்குப் பேரு என்ன?"

ஆர்ஜியா அவள் கையை விடவில்லை. பக்கத்தில், அவர்களோடு சேர்ந்து நடக்கும் இன்னொரு ஆளின் பட்டு உடை உரசும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். இரண்டு பேரும் நடையை வேகப்படுத்தினார்கள்.

*

திரை தூக்குவதற்கு முன், பக்கவாட்டு இருட்டில் எர்மெஸ் அவளிடம் வந்தான். அட்டைக் கவசம், ஒட்டுத் தாடி, பூண்டு மணம். தோளைத் தட்டினான்.

"ஓநாய் வாய்க்குள்ள போய் விழு, ஒர்சோலா."

மேடை ஏறுகிற எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து அது. அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. 'செத்து ஒழியட்டும் அது.' வேறு எதுவும் சொல்லக்கூடாது. முக்கியமாக நன்றி சொல்லவே கூடாது. நன்றி சொல்வது ஓநாயை அழைத்து நாற்காலி போடுவது மாதிரி. நேற்று சேர்ந்த கோரஸ் பெண்ணுக்குக்கூட இது தெரியும்.

ஒர்சோலா வாயைத் திறந்தாள்.

"நன்றி" என்றது அவள் குரல், அவளுக்கு இடது பக்கத்தில்.

எர்மெஸின் சிரிப்பு அப்படியே காய்ந்தது. கெட்டது அண்டாமலிருக்க, கை தானாகக் கவசத்தின் இரும்புக் கொக்கியைத் தேடித் தொட்டது.

"ஏண்டி இப்படிப் பண்ற" என்றான், மிகவும் மெதுவாக. "விளையாட்டுக்குக்கூட அதைச் சொல்லக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் தலையசைத்தாள். நான் சொல்லவில்லை என்பதற்கா, தெரியும் என்பதற்கா, அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் திரை தூக்கப்பட்டது.

முதல் அங்கம் முழுவதும் அவள் உதடுகளை அசைத்தாள். கைகளை நீட்டினாள், மண்டியிட்டாள், எழுந்தாள். குரல் அவளுக்கு முன்னால் நடந்தது. வர வர அவளை விட்டு விலகி நடந்தது. ஒரு கை தூரம், இரண்டு கை தூரம், மேடை முனையில் இருந்த விளக்கு வரிசை வரை. கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேல் மாடத்தில் நெருக்கி நின்ற கொல்லர்களும் தச்சர்களும் பால்காரர்களும், எந்தப் பாடகி எந்த வருஷம் எந்த ஸ்வரத்தில் வழுக்கினாள் என்று சண்டை போடும் அந்த ஆட்கள், அவள் பேரைக் கூவினார்கள். விசில் இல்லை. ஒன்றுகூட இல்லை.

இடைவேளையில் மிலான்காரன் ஒப்பனை அறைக்கே வந்தான். சாம்பல் நிறக் கையுறை, மெலிந்த கழுத்து.

"நேப்பிள்ஸ்னு ஒரு ஊர் இருக்கறதாவே எனக்கு ஞாபகம் இல்ல, சிக்னோரா" என்றான். "அடுத்த குளிர்காலம் எங்க தொடக்க விழா உங்களோடது. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்."

அவள் வாயைத் திறக்கவில்லை.

"சரி" என்றது குரல், நிலைக்கண்ணாடிப் பக்கத்திலிருந்து, சிரித்துக்கொண்டே.

மிலான்காரன் குனிந்து வணங்கினான். வணங்கியது நிலைக்கண்ணாடியின் பக்கமாக. அதில் இருந்த தவறு அவனுக்குத் தெரியவே இல்லை.

*

இரண்டாம் அங்கம் ராணியின் உச்ச ஸ்வரத்தில் முடியும். நடத்துநர் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். பாடகி தன்னால் முடிந்தவரை அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மேல் மாடத்து ஆட்களுக்கு அது ஒரு விளையாட்டு. அவளோடு சேர்ந்து அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். முதலில் மூச்சு விட்டவன் மற்றவர்களுக்கு மது வாங்கித் தர வேண்டும்.

ஸ்வரம் ஏறியது. நின்றது.

குவாரெங்கியின் கை மேலே நின்றது. மேல் மாடத்தில் கன்னங்கள் உப்பின. ஒருவன் மூச்சு விட்டுச் சிரித்தான். இன்னொருவன். பிறகு வரிசையாக எல்லோரும், இருமிக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு, தோற்றதில் சந்தோஷப்பட்டுக்கொண்டு. கைதட்டல் இடிந்து விழுந்தது.

குவாரெங்கி கையை இறக்கினார். வாத்தியங்கள் நின்றன.

ஸ்வரம் நிற்கவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார், போதும் என்று. மறுபடி கையை வெட்டினார். மறுபடியும். சிரிப்பு போனது.

"நிறுத்து" என்றான் எர்மெஸ், ஒட்டுத் தாடிக்குள்ளிருந்து. "போதும். நிறுத்து, ஒர்சோலா."

அவள் வாயை மூடினாள்.

ஸ்வரம் நிற்கவில்லை.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். அரங்கம் முழுவதும் பார்த்தது. கைதட்டல் ஓரங்களில் கிழிந்து, மெலிந்து, ஒரு மூலையில் ஒரே ஒரு ஜோடிக் கைகளாகி, அதுவும் ஓய்ந்தது. யாரோ சிரித்தார்கள். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. குவாரெங்கி திரையை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். திரை இறங்கவில்லை. கயிற்றுக்காரன் கயிற்றைப் பிடித்தபடி, வாயைப் பிளந்து, கேட்டுக்கொண்டு நின்றான்.

ஒரு பெண் அலறினாள். நாற்காலிகள் சடசடவென்று மடிந்தன. மாடங்களின் கதவுகள். படிக்கட்டுகளில் காலணிகள். சாம்பல் கையுறை ஒன்று தரையில் விழுந்து கிடந்தது, மிலான்காரன் இல்லை. எர்மெஸ் சிலுவை போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து மறைந்தான். வாத்தியக்காரர்கள் வயலின்களை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தபடி ஓடினார்கள். கடைசியாகப் போனவர் குவாரெங்கி. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்குகள் எரிந்தன. அரங்கம் காலி. ஸ்வரம் மட்டும். நடுங்காமல், தளராமல், ஊசிபோல.

பக்கவாட்டில் ஆர்ஜியா. சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மட்டும் போகவில்லை.

அப்புறம் அது நின்றது.

சட்டென்று. நூல் அறுந்ததுபோல.

அமைதி. அடுப்பில் கரி வெடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. ஒர்சோலா வாயிலிருந்து கைகளை எடுத்தாள். தீர்ந்துவிட்டது. அவள் விழுங்கிய சிரிப்பு, அடக்கிய தும்மல், முனகி முனகிச் சேர்த்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. இனி எதுவும் இல்லை. குரல் இல்லை, மிலான் இல்லை, ஒன்றும் இல்லை. அழுகை வந்தது. அழுவதுகூட இதமாக இருந்தது. ஆர்ஜியாவின் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

அவள் முகத்துக்கு நேர் எதிரே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நீளமாக. ஆழமாக. விலா எலும்புகள் விரிய, அடிவயிறு வரை. பாடகிகள் இழுப்பதுபோல.

அவள் நெஞ்சிலிருந்த காற்று உதட்டைத் தாண்டிப் போனது. அவள் விடவில்லை. அது போனது. கடைசித் துளி வரை.

இழுத்தாள். வரவில்லை. மறுபடி. வரவில்லை. காற்று இருந்தது. சுற்றிலும் இருந்தது. உள்ளே வரவில்லை.

குரல் மூன்றாம் அங்கத்தைத் தொடங்கியது.

ராணியின் பிரார்த்தனை. மெல்லிய, தாழ்ந்த இசை. வாத்தியம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. இதுவரை அவள் கேட்டதிலேயே அழகான குரல். இப்போது அதில் மூச்சு இருந்தது, வெதுவெதுப்பு இருந்தது, வரிகளுக்கு நடுவே சின்னச் சின்ன இழுப்புகள் இருந்தன. ஒவ்வோர் இழுப்புக்கும் அவள் விலாக்கள் உள்ளே ஒடுங்கின.

கால்கள் மடியவில்லை. கீழே விழ முடியவில்லை. வாய் திறந்தே நின்றது.

மாடத்தின் கதவு ஒன்று மெதுவாகத் திறந்தது. ஒரு தலை. தொப்பியைக் கழற்றிய கை. பின்னால் இன்னொருவன். படிக்கட்டில் காலணிகள், இந்த முறை நுனிக்காலில். கொல்லர்கள். தச்சர்கள். பால்காரர்கள். போனவர்கள் எல்லோரும். ஒருவர் பின் ஒருவராக மேல் மாடத்தின் கம்பியில் வந்து சாய்ந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. கன்னங்களில் நீர் ஓடியது.

பார்வையின் ஓரங்கள் கறுத்தன. ஆர்ஜியா இப்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். உதடுகளின் நிறத்தைப் பார்த்துவிட்டாள். சால்வை கீழே விழுந்தது.

"பாடறது அவ இல்ல" ஆர்ஜியா ஓடிவந்தாள். "அவளைப் பாருங்க. மூச்சு விடல. ஐயா, யாராவது வாங்க, அவ மூச்சே விடல..."

மேலே, இருட்டில், கண் திறக்காமலே, நூறு வாய்கள் ஆர்ஜியாவின் பக்கம் திரும்பின.

"உஷ்ஷ்ஷ்."